டர்போ எஞ்சினுக்கு 2618 பிஸ்டனா, 4032-ஆ?

கேள்வி: 2 லிட்டர் எஞ்சின், போர் (சிலிண்டர் விட்டம்) 86 மி.மீ. டர்போ மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மூன்றாம் சிலிண்டரில் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையே உள்ள விளிம்பு) உடைந்துவிட்டது. நகத்துண்டு அளவு அலுமினியம் ஆயில் பேனில் கிடந்தது. இந்த முறை ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன்தான். எந்த அலுமினியக் கலவை எடுக்கலாம், 2618-ஆ, 4032-ஆ? தினமும் ஓட்டும் வண்டி.

பதில் 1: 4032 போதும். சிலிக்கான் சுமார் 12 சதவீதம், அதனால் சூட்டில் குறைவாகவே விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை இறுக்கமாக வைக்கலாம். 2618 நாக்கிங்கை (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவதை) இன்னும் தாங்கும். ஆனால் அதிகம் விரிவதால் இடைவெளி கூடுதலாக வேண்டும்; காலையில் டக் டக்கென்று தட்டும், சூடானால் அடங்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

பதில் 2: அது இருக்கட்டும், பழைய ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி) எவ்வளவு?

கேட்டவர்: கம்பெனி வைத்ததுதான். அளந்தேன், 0.25 மி.மீ.

பதில் 2: சரிதான். பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தில்) ரிங் சூடாகி விரிந்து முனைகள் முட்டினால் லேண்டைப் பிய்த்துவிடும். உங்கள் போருக்கு 0.43 மி.மீ. அளவில் தொடங்குங்கள். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். பழைய ரிங் முனை பளபளக்கிறதா? முட்டியிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

கேட்டவர்: கண்ணாடி மாதிரி.