ஈமேக்ஸ் கட்டளையில் கோப்பைக் கேட்டு வாங்குவது எப்படி?

தட்டச்சன்:
மார்க்டவுன் (எம்டி) கோப்பை பேன்டாக் என்ற மாற்றி மென்பொருளை வைத்து வேர்டு கோப்பாக மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் டெர்மினலுக்குப் போக அலுப்பாக இருக்கிறது, அதனால் ஈமேக்ஸ் எடிட்டரிலேயே ஒரு கட்டளை எழுதினேன். உள்ளே ரீட்-ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் போட்டிருக்கிறேன். பெயரைக் கேட்கிறது, ஆனால் டேப் அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, முழுப் பாதையையும் கையால் அடிக்க வேண்டும். கோப்பைத் திறக்கும் ஃபைண்ட்-ஃபைல் கட்டளை, டேப் அழுத்தினால் பெயரை நிரப்பிக் கேட்பது மாதிரி கேட்க வைக்க முடியுமா?

லிஸ்ப்பித்தன்:
ரீட்-ஸ்ட்ரிங்குக்குக் கோப்பும் தெரியாது, கோப்புறையும் தெரியாது, நீங்கள் அடிப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஃபங்ஷனை வரையறுக்கும் டிஃபனுக்குள் இன்டராக்டிவ் என்ற வரி இருக்குமே, அதற்கு மேற்கோள் குறிக்குள் ஒரு சரம் கொடுங்கள். முதலெழுத்து ஆங்கிலச் சின்ன எஃப், அதை ஒட்டியே திரையில் காட்ட வேண்டிய கேள்வி. தேர்ந்தெடுத்த பெயர் உங்கள் ஃபங்ஷனின் முதல் ஆர்குமென்டாக வந்துவிடும். சின்ன எஃப் ஏற்கெனவே இருக்கிற கோப்புக்கு, பெரிய எஃப் இனிமேல்தான் உருவாகப்போகிற கோப்புக்கும் ஆகும், பெரிய டி கோப்புறைக்கு. இரண்டு கோப்பு கேட்க வேண்டுமென்றால் அதே சரத்தின் நடுவில் புதுவரிக் குறி போட்டு அடுத்த எழுத்தை ஆரம்பியுங்கள்.

தட்டச்சன்:
டேப் வருகிறது, நன்றி! ஆனால் வெளி நிரலை ஓட்டும் கால்-ப்ராசஸ் வழியாக அனுப்பினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது பேன்டாக். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. அப்புறம், எம்டி கோப்புகளை மட்டும் காட்ட வழி உண்டா? அந்தக் கோப்புறையில் படங்கள் குவிந்து கிடக்கின்றன.

கரிசல்:
பாதை அலைக்குறியில் (~) தொடங்குகிறதா பாருங்கள். அதை வீட்டுக் கோப்புறையாக விரிப்பது ஷெல்லின் (டெர்மினலில் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) வேலை, கால்-ப்ராசஸில் ஷெல்லே கிடையாது. எக்ஸ்பேண்ட்-ஃபைல்-நேம் வழியாக அனுப்பினால் சரியாகிவிடும். ஷெல்-கமாண்டுக்கு மாறிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெயரில் இடைவெளி வந்தால் அது துண்டாகும், அதற்காக ஷெல்-கோட்-ஆர்குமென்ட் போட்டால் அது அலைக்குறியையும் சேர்த்து வெறும் எழுத்தாகப் பூட்டிவிடும், ஆக எப்படியும் விரித்துத்தான் தீர வேண்டும்.

வடிகட்ட ஒற்றை எழுத்து போதாது. இன்டராக்டிவுக்குள் லிஸ்ட், அதற்குள் ரீட்-ஃபைல்-நேம். அதன் கடைசி ஆர்குமென்ட் ஒரு சோதனை ஃபங்ஷன். எம்டி நீட்சி இருக்கிறதா என்று மட்டும் சோதித்தால் கோப்புறைகளும் பட்டியலிலிருந்து காணாமல் போய், டேப் அழுத்தி உள்ளே நுழைய முடியாது. 'அல்லது கோப்புறை' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

விம்முக்காரர்:
விம் எடிட்டரில் கமாண்டு எழுதும்போது கம்ப்ளீட் என்பதற்கு ஃபைல் என்று கொடுத்தால் டேப் வந்துவிடும். சும்மா சொல்லி வைத்தேன், சண்டைக்கு வரவில்லை :)

லிஸ்ப்பித்தன்:
வாங்க வாங்க. தட்டச்சன், ரீட்-ஃபைல்-நேமுக்குப் போய்விட்டீர்கள் அல்லவா, மூன்றாவது ஆர்குமென்டாக பஃபர்-ஃபைல்-நேம் கொடுங்கள், ஒன்றும் அடிக்காமல் என்டர் தட்டினால் திறந்திருக்கிற கோப்பையே எடுத்துக்கொள்ளும். பெரிய ஆவணமாக இருந்தால் பின்னணியில் ஓட்டும் ஸ்டார்ட்-ப்ராசஸ் போடுங்கள், கால்-ப்ராசஸ் வேலை முடியும் வரை ஈமேக்ஸை அசையவிடாது.