சாம்பார் கொட்டியும் வாய் திறக்காதவர், அரை மணியில் கத்தினார்: ஆன்மிக வளர்ச்சிக்கு எது அடையாளம்?

முதுநகர் வாசி

தைப்பூசம், வடலூர். பத்து மணி ஜோதி பார்த்துட்டு ஜனம் பந்திக்குத் திரும்புற நேரம். வள்ளலாரோட ஞானசபைக்கு வெளியே ரோட்டோரம் யாரோ போட்டிருந்த அன்னதானப் பந்தல். சாம்பார் வாளியோட வந்தவருக்கு ஐம்பது வயசு இருக்கும். பின்னாலிருந்து ஓடி வந்த பையன் முழங்கையில் இடிச்சான். ஒரு கரண்டி சாம்பார், கொதி ஆறாதது, அவர் புறங்காலில் ஊத்திடுச்சு.

அவர் செஞ்சதைச் சொல்றேன். வாளி சாயாமல் இடது கைக்கு மாத்தினார். குனிஞ்சு பையன் காலைப் பார்த்தார், அவன் மேல பட்டிருக்கான்னு. அப்புறம்தான் தன் காலில் ஒரு செம்பு தண்ணி. வாயிலிருந்து ஒரு சொல் வரலை. மொத்தம் மூணு மூச்சு விடுற நேரம்.

அரை மணி கழிச்சு ஒருத்தர் வரிசையில் நிக்காமல் கயித்துக்கு அடியில் நுழைஞ்சு உட்கார்ந்தார். அதே மனுஷன், பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "மனுஷனாய்யா நீ"ன்னு கத்தினார்.

ரெண்டில் எதை வச்சு அவரை எடை போடறது? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குறிஞ்சிப்பாடி சன்மார்க்கி

ஐயா, கோபம் வந்ததா வரலையான்னு மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். வள்ளலார் ஒழுக்கத்தை நாலாப் பிரிச்சார். கண், காது, வாய், கை இதெல்லாம் அடங்கறது இந்திரிய ஒழுக்கம். பிறர் குற்றத்தை விசாரிக்காமல், தன்னைப் பெரிசா மதிக்காமல் மனசு நிக்கிறது கரண ஒழுக்கம். சாதி, சமயம், ஆண், பெண்னு பேதம் பார்க்காதது ஜீவ ஒழுக்கம். யானையிலிருந்து எறும்பு வரைக்கும் எல்லா உடம்புலயும் அதே ஒளின்னு காண்கிறது ஆன்ம ஒழுக்கம்.

உங்க ஆள் சாம்பார் கொட்டினப்போ காட்டினது முதல் படி. கையும் வாயும் பழகியிருக்கு. வரிசை தாண்டினவரைப் பார்த்ததும் ரெண்டாவது படியில் வழுக்கினார், பிறர் குற்றம் கண்ணில் பட்டுடுச்சு. ரெண்டும் அவரேதான். ஒரு படி ஏறினவர் அடுத்த படியில் தடுமாறுவார், அதில் அதிசயம் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். வள்ளலார் அன்னதானத்துக்குன்னு தொடங்கின தருமசாலையில் அடுப்பு மூட்டினது 1867 மே 23. ஞானசபை திறந்தது 1872 ஜனவரி 25. சோறு முதல்ல, ஜோதி அஞ்சு வருஷம் கழிச்சு. பசின்னு வந்தவனை எவன், எந்த ஊர்னு கேட்காமல் போடுறதுதான் அந்த அடுப்போட சட்டம். அப்படின்னா கயித்துக்கு அடியில் நுழைஞ்சவனுக்கும் இலைதான் முதல்ல, நியாயம் அப்புறம்.

பரிமாறுகிறவர் வளர்ந்திருக்காரான்னு பார்க்கணும்னா கடைசிப் பந்தியைப் பாருங்க. நூறு பேருக்கு அரிசி 12 கிலோ, பருப்பு 3 கிலோன்னு போட்டாலும் முதல் ரெண்டு பந்தியில் கை தாராளமாப் போகும், கடைசிப் பந்திக்கு ரசம்தான் மிஞ்சும். அனுபவம் உள்ளவர் ஆரம்பத்திலேயே ஒரு பாத்திரம் மூடி ஓரமா வைப்பார், கடைசியில் வர்றவங்களுக்குன்னு. அவங்க முகத்தை அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அதுதான் அடையாளம்.

முத்தியால்பேட்டை

சன்மார்க்கி ஐயா சொன்ன நாலு ஒழுக்கம் சரி. ஆனால் வாய் அடங்கினதை உடனே படி ஏறினதா எடுத்துக்கறதில் எனக்குச் சம்மதம் இல்லை. அடக்கின கோபம் வேற, எழாத கோபம் வேற. வெளியிலிருந்து பிரிச்சுப் பார்க்கலாம். அடக்கினவருக்குத் தாடை இறுகும், தோள் காதுப் பக்கம் ஏறும், அடுத்த வேலையில் சத்தம் கூடும்: பாத்திரத்தை நங்குன்னு வைக்கிறது, கதவைப் படார்னு சாத்தறது. எழாதவருக்கு மூச்சு மாறாது. வாளியை அவர் எப்படிக் கீழே வச்சார்? அதைக் கவனிச்சீங்களா?

ஸ்ரீ அரவிந்தர் யோகத்தில் இதுக்குச் சமநிலைன்னு பேர். அவர் ஆசிரமத்து அன்னை சொன்ன 12 பண்புகளிலும் அது ஒண்ணு, நேர்மையும் அதில் உண்டு. நேர்மை இல்லாத சமநிலை வெறும் முகமூடி. அடக்கினது ராத்திரி வீட்டில் மனைவி மேலயோ பிள்ளை மேலயோ வெடிக்கும்.

மனசை விட்டுப் போகாத ஒண்ணு இங்கே புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பார்த்தது. சாயங்காலம், பூக்கார அம்மா. ஒரு பொண்ணு ரெண்டு முழம் மல்லி கேட்டுது. அந்தம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளந்தாங்க, விரலை மடக்காமல். நறுக்கப் போனவங்க கை நின்னுது. "இது காலையில கட்டினது, சாமிக்கு வேணாம். தலைக்கு வச்சுக்க, பாதி காசு குடு போதும்." பொண்ணுக்கு அது தெரியவே தெரியாது, சொல்லாமல் வித்திருக்கலாம். அந்தம்மா ஒரு நாளாவது தியானத்தில் உட்கார்ந்தாங்களான்னு தெரியாது. ஆனால் கை தானா நின்னுது பாருங்க.

சாவடி ஓய்வு செவிலியர்

வளர்ச்சி பற்றிச் சொல்ல வரலை. கொதி சாம்பாருக்கு ஒரு செம்பு தண்ணி போதவே போதாது. 20 நிமிஷம் குழாய்த் தண்ணி ஓடணும், தோல் சூடு உள்ளே இறங்கிட்டே இருக்கும். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், மஞ்சள், இங்க், மாவு எதுவும் வேண்டாம். மெட்டி, கொலுசு, இறுக்கமான செருப்பு இருந்தால் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டணும். கொப்புளத்தைக் குத்தக் கூடாது. சுத்தமான துணியை லேசாப் போர்த்தி ஆஸ்பத்திரி. சர்க்கரை வியாதி உள்ளவர்னா கொஞ்சம் பட்டாலும் போயே ஆகணும், காலில் வலி தெரியாமலே புண்ணாகும். அன்னதானம் போடுற எல்லாரும் பந்தலில் ஒரு டிரம் சுத்தமான தண்ணியும் ஒரு குவளையும் தனியா வையுங்க. "பொறுத்துக்கிட்டார்"னு புகழறதுக்கு முன்னாடி அவர் காலை யாராவது பார்த்தாங்களா?

புலியூர் உழவாரம்

முத்தியால்பேட்டைக்காரர் சொன்ன பூக்கார அம்மா கதை நல்ல கதை. ஆனால் அது வியாபார நாணயம். நாணயமும் ஆன்மிகமும் ஒண்ணான்னு கேட்டால் இல்லைன்னுதான் சொல்வேன். நாணயத்துக்கு ஊர் சாட்சி உண்டு. சாட்சி இல்லாத இடத்தில் பார்க்கணும்.

திருப்பாதிரிப்புலியூர்க் கோயில்ல ஒரு ஞாயித்துக்கிழமை உழவாரத்துக்கு, அதான் கோயிலைச் சுத்தம் செய்யுற தொண்டுக்கு, இருபது பேர் வந்தாங்க. கல்லில் கட்டிக் கடலில் தள்ளின அப்பர் கல்லோட மிதந்து கரையேறின ஊர், கையில் உழவாரப்படை பிடிச்சவர் அவர், அதனால ஆள் சேருவதில் குறை இருக்காது. பிரகாரம் பெருக்க எல்லாரும் ஓடினாங்க. ஒரு பெரியவர் மட்டும் யாரும் சொல்லாமல் அபிஷேகத் தண்ணி வெளியேறுற தொட்டிக்குப் போய், முழங்கை வரைக்கும் கைவிட்டு வழுவழுன்னு இருந்த பால், எண்ணெய்க் கசடை வாரினார். போட்டோவில் அவர் இல்லை, எடுத்தவங்களுக்கு அந்தப் பக்கம் போகவே தோணலை.

உழவாரம் போறவங்களுக்கு, இதையும் சொல்லிடறேன். மதில், விமானத்தில் முளைக்கிற அரசு, ஆலங்கன்றைத் தண்டோட வெட்டிட்டு வராதீங்க, ஒரு மழைக்கு ரெண்டு மடங்கா வரும், வேர் உள்ளே இருக்கு. பலமா இழுத்தாலும் சுண்ணாம்புக் காரை பிளந்து செங்கல் விழும். சின்னச் செடியை மழை விட்ட மறுநாள், மண் ஈரமா இருக்கும்போது, வேர் முனை வரைக்கும் மெதுவா எடுக்கலாம். விரல் பருமனுக்கு மேல போனால் கோயில் அலுவலகத்தில் சொல்லி, தெரிஞ்ச ஸ்தபதியை வச்சுத்தான். கல்வெட்டு இருக்கிற சுவரில் இரும்பு பிரஷ், ஆசிட், மணல் பீச்சுறது எதுவும் கூடாது, எழுத்து மழுங்கினால் திரும்ப வராது. எண்ணெய்ப் பிசுக்கு சீயக்காய்த்தூளும் மெல்லிய துணியும் போட்டால் பல நாளில் போகும், ஒரே நாளில் போகணும்னு நினைக்கிறதுதான் கல்லைக் கெடுக்குது. படியில் ஈரம் விட்டுட்டு வந்தால் வயசானவங்க வழுக்குவாங்க, துடைச்சுட்டுத்தான் கிளம்பணும்.

நெல்லிக்குப்பம்

ஒரு சந்தேகம். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் தியானத்தில் கண் மூடினால் நீலம், பச்சை, பொன்னுன்னு வரிசையா நிறம் தெரியுதுங்கறார். சபையில் ஜோதிக்கு முன்னாடி ஏழு திரை இருக்கே, கருப்பில் ஆரம்பிச்சு நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்புன்னு. அதே திரை உள்ளே விலகுதுன்னு சொல்றார். இது அடையாளம் இல்லையா?

வில்லியனூர் அக்கா

நெல்லிக்குப்பம் தம்பி, மூடின கண்ணை விரலால் லேசா அழுத்தினால் யாருக்கும் நிறம் தெரியும். புருவ மத்தியில் பார்வையைக் குவிச்சு இறுக்கினாலும் அப்படித்தான். காலில் எறும்பு ஊருற மாதிரி இருக்கிறது நரம்பு அமுங்கினதால. உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கிறது பாதித் தூக்கத்தில் வரும். அந்த அண்ணன் பொய் சொல்லலை, பார்த்ததைத்தான் சொல்றார். ஆனால் நிறம் பார்த்துட்டு எழுந்த கையோட காபி ஆறிப்போச்சுன்னு வீட்டில் எரிஞ்சு விழுந்தால், எந்தத் திரையும் விலகலை.

வளர்ச்சி தெரியணும்னா ஒரு நோட்டு போதும், 48 நாள். ராத்திரி விளக்கணைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், மூணே விஷயம்: இன்னைக்கு எது சுருக்குன்னு பட்டது, அது எவ்வளவு நேரம் மனசில் ஓடுச்சு, யார்கிட்ட என்ன திருத்தினேன். நடுவில் இருக்கிற நேரக் கணக்குதான் முக்கியம். முதல் வாரம் ஒரு நாள் பூரா ஓடுறது, போகப் போக மத்தியானத்தோட நிக்கும், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரத்தில் அடங்கும். கோபம் வர்ற தடவை குறையாமலே இருக்கலாம், தங்கற நேரம் குறைஞ்சால் போதும்.

கெடுற இடமும் சொல்றேன். பத்தாம் நாளுக்குள்ள நோட்டு அடுத்தவங்க குத்தப் பட்டியலா மாறிடும், "மாமியார் இப்படிச் சொன்னாங்க"ன்னு. அந்த வரியை அடிச்சுட்டு "எனக்குச் சுருக்குன்னுது"ன்னு எழுதுங்க. ரெண்டாவது, ஜெப எண்ணிக்கை நுழையும்: இன்னைக்கு எத்தனை மாலை, நேத்து எத்தனை. அது கணக்குப் பிள்ளை வேலை, நோட்டில் வேண்டாம். மூணாவது, விரதத்தன்னைக்கு எழுதறதை மத்த நாளோட சேர்க்காதீங்க, வெறும் வயிறு தானாவே சிடுசிடுக்கும்.

வாரம் ஒரு தடவை வீட்டில் ஒருத்தரை உட்கார வச்சுக் கேளுங்க: "இந்த வாரம் என் பேச்சில் எது வலிச்சுது?" கேட்டுட்டுப் பதில் சொல்லக் கூடாது. விளக்கம் கூடாது, "அது ஏன்னா"ன்னு ஆரம்பிக்கக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் வாயை மூடி உட்காருறதுதான் 48 நாளில் ரொம்பக் கஷ்டமான வேலை.

உழவாரம் அண்ணா, ஒரு வார்த்தை. சாட்சி இல்லாத இடம்னு சொன்னீங்க. பூக்கார அம்மா பூ பழசுன்னு சொல்லாமல் விட்டிருந்தால் அதுக்கு யார் சாட்சி?

முதுநகர் வாசி

செவிலியர் அம்மா, நியாயம். அவர் காலை யாரும் பார்க்கலை. அடுத்த பந்திக்கும் அதே வாளியோட நடந்தார், இடது கால் கொஞ்சம் விந்தினது இப்போ ஞாபகம் வருது.

முத்தியால்பேட்டை கேட்டதுக்கு: சாம்பார் கொட்டினப்போ வாளியைச் சத்தமில்லாமல்தான் வச்சார். கத்தினதுக்கு அப்புறம் நடந்ததை விட்டுட்டேன். கயித்துக்கு அடியில் வந்தவருக்கு அவரே போய் இலை போட்டார், தண்ணி தெளிச்சார், சோறு வச்சார், ரெண்டாம் தடவையும் கேட்டு வச்சார். எல்லாம் ஒழுங்காச் செஞ்சார். ஆனால் குனிஞ்ச தலை நிமிரலை, அந்த ஆள் முகத்தைக் கடைசி வரைக்கும் பார்க்கலை. சாப்பிட்டவரும் நிமிரலை.