மறு: ஓவர்கிளாக்கிங் – மிகைக்கடிகாரம் வேண்டாம், துடிப்பேற்றம் போதும்

வணக்கம்.

கணினியின் செயலியையோ வரைகலை அட்டையையோ (கிராஃபிக்ஸ் கார்டு) தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட மிகைக்கடிகாரம் எனக்கு ஒப்பவில்லை. செயலிக்குள் மணி காட்டும் கடிகாரம் எதுவும் இல்லை. படிகம் ஒன்று தரும் மின்துடிப்பைப் பல மடங்காக்கி, அந்தத் தாளத்துக்கு வேலை நடக்கிறது. ஏறுவது துடிப்புதான். ‘மிகை’யும் உறுத்துகிறது: மிகைபடக் கூறலை நம் இலக்கணம் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது, நாம் பேசுவதோ அளவறிந்து செய்யும் காரியம். ஆகவே துடிப்பேற்றம். குறைத்தால் துடிப்பிறக்கம். துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய அட்டை என்று வினையாகவும் வளைந்து கொடுக்கும்.

துடிப்பேற்றம் நெஞ்சுப் படபடப்பு மாதிரி ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒலிக்கட்டுமே! இங்கே சிங்கப்பூரில் பையன்கள் ஓவர்கிளாக்கிங்கை ‘ஓசி’ (OC) என்று சுருக்கி ‘கார்டை ஓசி பண்ணிட்டேன்’ என்றால், யாரிடம் ஓசியில் வாங்கினாய் என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். அதற்கு இது எவ்வளவோ மேல்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துடிப்பை ஏற்றுவது ஒன்று, மின்னழுத்தத்தை ஏற்றுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் படிப்பவர் அட்டையைக் கெடுத்துக்கொள்வார். செயலி உண்ணும் மின்திறன் துடிப்புக்கு நேர்விகிதம், அழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். துடிப்பை 5% ஏற்றினால் சூடு ஏறக்குறைய 5% கூடும். அழுத்தத்தை அதே 5% ஏற்றினால் 10%. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் 16% அளவுக்குப் போய்விடும். எனவே அழுத்தவேற்றம், அழுத்தவிறக்கம் என்று தனிச்சொற்கள் வேண்டும்.

மலிவு அட்டையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2019இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 அட்டைகள் பலவற்றில் தனி மின்வடம் கிடையாது. தாய்ப்பலகைச் செருகுவாய் தரும் 75 வாட்டுக்குள்தான் பிழைப்பு. அழுத்தத்தை ஏற்றினால் அந்த வரம்பில் முட்டி, அட்டை தானே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். மாறாக அழுத்தத்தைச் சற்று இறக்கிவிட்டுத் துடிப்பை ஏற்றினால் அதே 75 வாட்டில் வேகம் கூடக் கிடைக்கலாம்.

செய்முறையில் இந்தச் சொற்களை ஓட்டிப் பார்த்தேன்: ‘எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் துடிப்பை 15 மெகாஹெர்ட்ஸ் படியாக ஏற்றுக. ஒவ்வொரு படியிலும் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பார்க்க. திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறினாலோ, ஒரு நொடி கறுத்து மீண்டாலோ இரண்டு படி இறங்குக.’ தடுக்கவில்லை. நினைவகத் துடிப்பேற்றத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ஜிடிடிஆர்6 வகை நினைவகத்தில் தரவு போகும் வழியில் பிழை நேர்ந்தால் சில அட்டைகளில் அது மறுபடி அனுப்பப்படும். திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஆனால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். ஒரே காட்சியில் நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்று ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

சூட்டுக்கு அஞ்சி அட்டை தானே இறங்குகிறதே, பல என்விடியா அட்டைகளில் 83 பாகையை ஒட்டி, அதைத் துடிப்பிறக்கம் என்று சொல்லக்கூடாது, நாம் இறக்கவில்லையே. தற்காப்பிறக்கம் என்று வைக்கலாமா? வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டு அறையில் குளிர்சாதனம் போட்டு 24 பாகையில் சோதித்துவிட்டு, மதியம் அதை அணைத்து 32 பாகையில் விளையாட உட்கார்ந்தால் அட்டையின் சூடும் ஏறத்தாழ அதே 8 பாகை ஏறும். காலையில் அட்டை தாங்கிய துடிப்பை மதியம் தாங்காது. இந்த ஊரில் அதிகம் புழங்கப்போவது இந்தச் சொல்தான்.

ஒன்று பாக்கி. ஒரே பெட்டி, ஒரே மாதிரி, ஆனால் ஒரு சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றத்தைத் தாங்கும், பக்கத்துச் சில்லு 40இல் மூச்சு வாங்கும். இதற்குச் சில்லு யோகம் என்கிறேன் நான். என் மகன் இங்குள்ள டோட்டோ லாட்டரி வரிசையைப் பார்த்து வளர்ந்தவன், ‘சில்லு டோட்டோ’தான் சரி என்கிறான். சென்னை, யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லுங்கள்.