210 மி.மீ. சமையல் கத்தி: எந்த ஸ்டீல், எங்கே செய்வது, என்ன விலை?

ஈசூன்_உளி:
உணவகச் சமையல்காரர் ஒருவருக்கு 210 மி.மீ. கத்தி செய்து கொடுக்க வேண்டும். காய்கறி, எலும்பில்லாத கோழி, மீன். எலும்பு, தேங்காய்ப் பக்கம் போகாது. கையில் 3 மி.மீ. 1095 கார்பன் ஸ்டீல் பட்டை இருக்கிறது. கேஸ் உலையில் காய்ச்சி கனோலா எண்ணெயில் தோய்க்கிறேன். சோதனைத் துண்டுகளில் இரண்டு சிக்கல்: ஒரே துண்டில் சில இடத்தில் அரம் வழுக்குகிறது (கடினம்), சில இடத்தில் கடிக்கிறது (மென்மை). மெல்லியதாகத் தேய்த்துவிட்டுத் தோய்த்தால் வளைந்துவிடுகிறது. ஸ்டீலை மாற்றணுமா, முறையை மாற்றணுமா? பிடிக்குச் சாலையோர அங்சானா மரத்துண்டு வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்தபடி விற்கலாமா, விலை எப்படிப் போடுவது என்பதையும் சொல்லுங்கள்.

பட்டறை77:
தம்பி, முதலில் மேல்தோலை 0.2 மி.மீ. தேய்த்துவிட்டு அரம் போட்டுப் பாருங்க. கேஸ் உலையில் மேற்பரப்புக் கார்பன் எரிஞ்சுடும். உள்ளே கடினமா இருந்தாலும் அரம் கடிக்கிற மாதிரி ஏமாத்தும்.

தேய்ச்ச பிறகும் கடிச்சா அது 1095-இன் குணம். கார்பன் 0.95 விழுக்காடு, மாங்கனீஸ் குறைவு. உலையிலிருந்து எடுத்ததும் 540 டிகிரி வட்டாரத்தை ஒரு வினாடிக்குள்ள தாண்டியாகணும். கனோலாவுக்கு அந்த வேகம் கிடையாது. மெல்லிய விளிம்பு தப்பிச்சுக்கும், தடிச்ச முதுகுப் பக்கம் மென்மையாவே நின்னுடும். தண்ணியில தோய்க்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, ‘டிங்’னு ஒரு சத்தம் வந்தா அந்தக் கத்தி விரிசல்.

எளிய வழி 1084ங்கிற கார்பன் ஸ்டீல். காந்தம் ஒட்டாமப் போறது 770 டிகிரி பக்கம். அதுக்கும் மேல ஒரு 45 டிகிரி, அதாவது 815. அங்க 5 நிமிஷம் நிறுத்தி, 50 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலாவில் முனை கீழ இருக்கிற மாதிரி இறக்குங்க. மேலும் கீழுமா அசைக்கலாம், பக்கவாட்டில் அசைச்சா வளையும். எண்ணெய் 4 லிட்டராவது வேணும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே அடுப்புக்குள்ள போயிடணும், இதுதான் டெம்பர்: 200 டிகிரி, 2 மணி நேரம், இரண்டு தடவை. கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் அளவு) பக்கத்தில் வரும்.

ஆனா உணவகச் சமையலறைக்குன்னா நான் கார்பன் ஸ்டீலே கொடுக்க மாட்டேன். இந்த ஊர் ஈரப்பதத்தில், எலுமிச்சை, தக்காளி வெட்டிட்டு அரை மணி அப்படியே போட்டாப் போதும், ஆரஞ்சுத் துரு. ஏஇபி-எல்ங்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க. 13 விழுக்காடு குரோமியம், சவரப் பிளேடுக்காக வந்த ஸ்டீல், மணி மணியாக் கூர் ஏறும். 1070 டிகிரி, 15 நிமிஷம், ஸ்டெயின்லெஸ் ஃபாயில் உறைக்குள்ள. எண்ணெய் வேண்டாம், 25 மி.மீ. அலுமினியத் தட்டு இரண்டுக்கு நடுவில் அழுத்திக் குளிர வைக்கணும். உடனே டிரை ஐஸ், அப்புறம் 175 டிகிரி டெம்பர் இரண்டு தடவை. கேஸ் உலையில் கண்பார்வைக்குச் செய்ற வேலை இல்ல இது.

சாணைக்கல்:
வளைவுக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மெல்லியதாகத் தேய்த்துவிட்டுத் தோய்ப்பது. ஏஇபி-எல் 2.5 மி.மீ. தகட்டில் வடிவத்தை வெட்டி, பிடியை இணைக்கும் பின்களுக்கான துளைகளைப் போட்டு (கடினமாக்கிய பிறகு சாதாரண டிரில்லால் துளைக்க முடியாது), சரிவு எதுவும் தேய்க்காமல் அப்படியே ஹீட் டிரீட்மென்டுக்கு (காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்க) அனுப்புங்கள். 1084 என்றால் விளிம்பில் 1 மி.மீ. விட்டு வையுங்கள்.

பிறகும் லேசாக வளைந்தால், இரண்டாவது டெம்பரின்போது தட்டையான பட்டையோடு கிளாம்ப் போட்டு, வளைவின் அடியில் நாணயத்தடிமன் துண்டு செருகி எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைத்து அடுப்பில் வையுங்கள். அப்படியும் மிஞ்சினால் கார்பைட் முனைச் சுத்தியலால் குழிந்த பக்கத்தில் சிறு சிறு தட்டல். அந்தப் பக்கம் நீண்டு நிமிரும். புடைத்த பக்கத்தில் அடித்தால் இன்னும் மோசமாகும்.

தேய்க்கும்போது செராமிக் பெல்ட் 36-இல் தொடங்கி 60, 120, 220. கையுறை வேண்டாம். விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் வாளித் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் படிந்தால் அந்த இடத்துக் கடினம் போயிற்று, அதை முழுவதும் தேய்த்தெடுக்கத்தான் வேண்டும். முதுகு, பிடியை ஒட்டிய குதிப்பக்கம் 2.5 மி.மீ., முனையருகே 1 மி.மீ.க்கும் குறைவு. கூர் போடும் முன் விளிம்பு 0.25 மி.மீ., பிறகு பக்கத்துக்கு 15 டிகிரி. கையால் செய்த கத்திகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன: 0.6 மி.மீ.-இலேயே நிறுத்திவிடுகிறார்கள், கேரட் வெட்டுப்படாமல் பிளக்கிறது. டமாஸ்கஸ் கோடுகளுக்குக் காசு செலவழிப்பதைவிட இதில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போடலாம்.

மரத்தூள்:
அங்சானா அழகான மரம்தான், ஆனால் வெட்டிய சில மாதத்தில் பிடி போடக்கூடாது. குளிரூட்டிய அறையில் காய்ந்து சுருங்கும், சமையலறையில் மறுபடி ஊதும். டேங் (பிடிக்குள் போகும் ஸ்டீல் பகுதி) விளிம்பு விரலில் உரசத் தொடங்கும். அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காயவையுங்கள். பிறகு வேக்குவத்தில் ரெசின் ஏற்றுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ரெசின் இறங்காது. அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் மைகார்ட்டா (துணியை ரெசினில் அழுத்திய தகடு) போடுங்கள், உணவகத்துக்கு அதுவே மேல்.

ஒட்டுக்கு 24 மணி நேர எப்பாக்ஸி. 5 நிமிட வகை வெந்நீர்க் கழுவலுக்குத் தாங்காது. இருபுறமும் 60 மணல்தாள், அசிட்டோன் துடைப்பு. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ளது, ஒட்டுவதற்குச் சற்று முன்தான் துடைக்க வேண்டும். கிளாம்பை இறுக்கித் தள்ளாதீர்கள், ஒட்டு முழுவதும் வெளியே வழிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து ஈட்டி மரக்கட்டை தருவிக்க நினைத்தால் அனுமதியை முதலில் பாருங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது. மைகார்ட்டா, ஜி10 (கண்ணாடியிழைத் தகடு) தூசு நுரையீரலுக்குக் கெடுதல்: பி100 வடிகட்டி உள்ள முகமூடி, துணி மாஸ்க் அல்ல.

ஈசூன்_உளி:
நன்றி அண்ணே, அக்கா. ஏஇபி-எல் என்றால் மின்சூளை வாங்கியாக வேண்டுமா?

வெட்டுப்பலகை:
முதல் கத்திகளுக்குத் தேவையில்லை. துவாஸ் பக்கம் மோல்டு (வார்ப்பு அச்சு) செய்பவர்களுக்கு வேக்குவம் ஃபர்னஸில் ஹீட் டிரீட்மென்ட் செய்து தரும் இடங்கள் உண்டு. ஒன்றுக்கும் பத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றே என்பார்கள், சேர்த்துக் கொடுங்கள். டெம்பர் வெப்பநிலையை எழுதியே கொடுங்கள், இல்லாவிட்டால் மோல்டுக்குப் பழகிய 500 டிகிரியில் போட்டுவிடுவார்கள்; குரோமியம் கார்பைடாகப் பிரிந்து துருப்பிடிக்கும். சூளை வாங்கினாலும் இங்குள்ள 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் முடியாது. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள், அதைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலர் சிம் லிம் டவரில் தேடலாம்.

வீவக வீட்டில் கணக்கு எழுதலாம், கூர் போடலாம், பெட்டி கட்டலாம். பெல்ட் கிரைண்டரும் கேஸ் உலையும் கூடாது: சத்தம், தூசு, தீ. பி2 (சத்தம், தூசு உண்டாக்கும் தொழில்களுக்கான) தொழிற்கூடத்தில் இடம் பகிருங்கள். பி1 (இலகுத் தொழில்களுக்கானது) என்றால் உலோகம் தேய்க்கலாமா என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

சமையல் கத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருபுறம் கூருள்ள குத்துவாள், பொத்தான் அழுத்தினால் திறக்கும் கத்தி போன்ற ஆர்டர் வந்தால் காவல்துறை உரிமப் பிரிவிடம் கேட்காமல் தொடவேண்டாம். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் பிரம்படியும் தரக்கூடிய குற்றம். எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோய்க் கொடுப்பதானால் உறை, ஒட்டிய பெட்டி, மேலே ரசீது. தோலுறை வேண்டாம், இங்கே பூஞ்சை பிடிக்கும். மர உறை போதும்.

விலை, உதாரணமாக: ஸ்டீல், பிடி, பின், ஒட்டு 60 வெள்ளி, பெல்ட் 25, ஹீட் டிரீட்மென்ட் பங்கு 30, பெட்டி 20, வேலை 9 மணி நேரம், மணிக்கு 25. ஆக 360. கெட்டுப்போகும் கத்திகளுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் 414.

சாணைக்கல்:
அதில் இட வாடகை இல்லையே. மாத வாடகையை மாதத்தில் முடிக்கும் கத்தி எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள், 500-ஐத் தொடும்.

வெட்டுப்பலகை:
ஒப்புக்கொள்கிறேன். பாதி முன்பணம் வாங்கும்போதே இடக்கையா வலக்கையா, பலகை மரமா பிளாஸ்டிக்கா, எலும்பு வெட்டக்கூடாது என்பது எல்லாம் ஒரே தாளில் கையெழுத்தாகட்டும். 2012 முதல் உள்ள லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்), கொடுத்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. விளிம்பின் அருகுப்படமும் எச்ஆர்சி அளவும் கத்தி எண்ணோடு உங்களிடம் இருக்கட்டும்.