மேய்ச்சல் குட்டிகளுக்குத் தனித்தீவனம்: உங்கள் பட்டியில் என்ன நடந்தது?

தென்னாப்பிரிக்கா, மூய் ரிவர் பக்கம், 40 டார்ப்பர் இனச் செம்மறி ஆடுகள்

வணக்கம். ஆடு வைத்த முதல் வருஷம் குட்டிகளுக்குத் தனியாக எதுவும் வைக்கவில்லை. தாய்ப்பாலும் புல்லும் போதும் என்று நினைத்தேன். ஏப்ரலில் பிறந்த குட்டிகள், பனி விழுந்து வெல்ட் (மேய்ச்சல் வெளி) புல் காய்ந்ததும் வளராமல் அப்படியே நின்றுவிட்டன. தாய்க்குப் பால் மூன்று, நான்கு வாரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். குட்டிக்குப் பசி ஏறுவதும் அப்போதுதான். இரட்டைக் குட்டிகள் பாடு இன்னும் மோசம்.

அடுத்த வருஷம் குட்டி மட்டும் நுழைகிற மாதிரி கம்பு நட்டு ஓர் அடைப்பு கட்டினேன். இடைவெளி ஒரு அடி விட்டது தப்பு. இளம் பெட்டை ஒன்று தலையை விட்டு, தோளை நெருக்கி, உள்ளே போய்த் தொட்டியைத் துடைத்துவிட்டது. 20 செ.மீ. ஆக்கிய பிறகுதான் அது நின்றது. அடைப்பைத் தூரத்து வேலியோரம் போட்டதும் தப்புதான். தாய் கண்ணில் படாத இடத்துக்குக் குட்டி போகாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆடுகள் படுத்து அசைபோடும் இடத்துக்கு மாற்றினேன். இரண்டே நாளில் வந்துவிட்டன.

வந்ததும் தின்னவில்லை. கம்பை நக்கின, தொட்டி விளிம்பைக் கடித்தன. ஒரு குட்டியின் மூக்கில் சோளக்குருணை ஒட்டிக்கொண்டது. நாக்கைச் சுழற்றி அதை எடுத்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி மூக்கை உள்ளே விட்டது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு. இரண்டு வாரக் குட்டி ஒரு பிடிகூடத் தின்னாது, ஆனால் அந்தக் கொஞ்சம்தான் அதன் இரைப்பையைப் பழக்குகிறது. உடைத்த மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, பக்கத்தில் இலை உதிராத லூசர்ன் (குதிரை மசால்). மிச்சத்தைத் தினமும் எடுத்துத் தாய்களுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வைப்பேன்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். ஜூலையில் தீவனம் தீர்ந்து மூன்று நாள் தொட்டி காலி. மூட்டை வந்ததும், பாவம் பசியோடு இருக்குமே என்று தொட்டி நிறையக் கொட்டினேன். மறுநாள் விடிகாலையில் இரண்டு குட்டிகள் தலை பின்னால் வளைந்து செத்துக் கிடந்தன. இருப்பதிலேயே கொழுத்தவை. துள்ளுமாரி, அதாவது திடீரென்று நிறையத் தின்றால் குடலில் நஞ்சு ஊறிக் கொல்லும் நோய். சினை ஆடுகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டிருந்தேன். குட்டிகளுக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு, இரண்டாவதைத் தள்ளிப்போட்டிருந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. தீவனம் தீர்ந்துபோனால், மறுபடி பிடிப்பிடியாகத்தான் தொடங்க வேண்டும்.

நியூகாசல்

அண்ணே, கொழுத்த குட்டியைத்தான் அந்த நோய் முதலில் பிடிக்கும், எங்கள் பட்டியிலும் அப்படித்தான். நாங்கள் பட்டது வேறு. கொட்டகையில் பன்றித் தீவனம் மிச்சமிருக்கிறதே, வீணாகக் கூடாது என்று குட்டிகளுக்கு வைத்தோம். முதலில் நன்றாகத்தான் தின்றன. சில வாரம் கழித்து ஒன்றுக்குக் கண் மஞ்சளானது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. டாக்டர் வந்து தாமிர விஷம் என்றார். பன்றி தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கிவிடுமாம். மூட்டையில் செம்மறிக்கு என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எஸ்ட்கோர்ட்

தம்பி, கிடாக்குட்டிகளையும் கவனியுங்கள். தானியம் அதிகமாகி, சுண்ணாம்புச் சத்து குறைந்தால் சிறுநீரில் கல் அடைக்கும். முதுகை வளைத்து, வாலை ஆட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகப் போனால் காத்திருக்காதீர்கள். எங்கள் குட்டி அடைப்பில் கம்பு இடைவெளி 25 செ.மீ. இதுவரை பெரிய ஆடு நுழையவில்லை, ஆனால் இந்த வருஷம் பெட்டைகள் சின்னதாக இருக்கின்றன. காலையில் போய் அளக்கிறேன்.