பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா? – மெல்போர்ன் தென்கிழக்கு தமிழ்க் குடும்பங்கள் குழு

வித்யா, காலை 8:12
எல்லாருக்கும் வணக்கம். பையன் தினேஷுக்கு மெட்டல் டிடெக்டர் வேணுமாம். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் மைன்லேப் கம்பெனியோட சாவரின் ஜிடி மெஷினை 400 டாலருக்குத் தர்றார், கூட ஒரு சின்ன காயிலும் (தரைக்கு மேல வீசுற வட்டத் தட்டு) உண்டு. பழைய மாடல். பெரும்பாலும் ஃபிராங்ஸ்டன் பீச்சுக்குத்தான் போவோம், லீவுல பெண்டிகோ பக்கம். இதையே வாங்கிடலாமா, இல்ல காசு சேர்த்துப் புதுசா அதே கம்பெனியோட ஈக்குவினாக்ஸ் மாதிரி எடுக்கலாமா?

மாலதி அக்கா, 8:20
பீச்சுக்குன்னா தாராளமா வாங்கு வித்யா. எத்தனை வருஷத்து மெஷின்னு பார்க்காத, எத்தனை ஃப்ரீக்வென்சில சிக்னல் அனுப்புதுன்னு பாரு. உப்புத்தண்ணி ஊறின மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின் அந்த மணலையே உலோகம்னு எடுத்துக்கிட்டுக் கத்தும். மண்ணுல இருக்கிற இரும்புத் தாதுவையும் உப்பையும் அதால ஒண்ணா அடக்க முடியாது, ஒண்ணை அடக்கினா இன்னொண்ணு கிளம்பும். சாவரின் வரிசை 1991லயே 17 ஃப்ரீக்வென்சியோட வந்துச்சு, 1.5ல இருந்து 25.5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். ஈர மணல்ல அமைதியா ஓடும்.

மாலதி அக்கா, 8:22
2005ல வந்த கேரட் கம்பெனியோட ஏஸ் 250 அதுக்குப் பிறகு வந்ததுதான், ஆனா 6.5 கிலோஹெர்ட்ஸ் ஒண்ணே ஒண்ணு. பார்க்குலயும் காய்ஞ்ச மணல்லயும் நல்ல மெஷின். அலை தொடுற இடத்துக்கு வந்தா திணறும்.

தினேஷ், 8:31
புதுசு ரொம்ப ஆழம் போகும்னு வீடியோல்லாம் சொல்றாங்களே அக்கா?

செல்வம் அண்ணா, 8:40
ஆழத்துல பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காத தம்பி. காயில்ல இருந்து போற காந்தப்புலம் தூரத்தோட மூணாம் படிக்குக் குறையும். நாணயத்துல இருந்து திரும்பி வர்றதும் அதே மாதிரி மூணாம் படி. ரெண்டும் சேர்ந்தா ஆறாம் படி. ஆழம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64ல ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு முன்னேறினாலும் ஆழத்துல சில சென்டிமீட்டர்தான் கூடும்.

செல்வம் அண்ணா, 8:43
பழைய மெஷினும் சாதிக்கும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம்: 1980ல விக்டோரியாவுல கிங்கோவர்ல கெவின் ஹில்லியர் எடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' தங்கக்கட்டி 27 கிலோவுக்கு மேல. அது கேரட் டீப்சீக்கர் மெஷின்ல கிடைச்சது. டிடெக்டரால கிடைச்ச கட்டிகள்ல இன்னைக்கும் அதுதான் பெருசு.

வித்யா, 8:47
அப்ப புதுசுல என்னதான் கூடுதல் அண்ணா?

செல்வம் அண்ணா, 8:55
வேகம். ஒரு சிக்னல் முடிஞ்சு அடுத்ததைக் கேக்கத் தயாராகிற நேரம். சாவரின்ல இரும்பு மேல காயில் போனா எப்பவும் லேசாக் கேட்டுக்கிட்டே இருக்கிற பின்னணி ஓசை அப்படியே அறுந்துடும், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆகும். ஆணிக்குப் பக்கத்துல மோதிரம் கிடந்தா அந்த இடைவெளியில தாண்டிப் போயிடுவோம். ஈக்குவினாக்ஸ் 800ல இந்த வேகத்தை 1ல இருந்து 8 வரைக்கும் மாத்திக்கலாம். பழைய வீடு இடிஞ்ச இடம், ஆணி நிறைஞ்ச நிலம்னா புதுசு ஜெயிக்கிறது இதுலதான். அடுத்தது எடை, அதைவிட முக்கியமா தண்ணி. ஈக்குவினாக்ஸ் 3 மீட்டர் வரைக்கும் முழுசா நனையலாம். சாவரின்ல காயில் மட்டும்தான் நனையணும், எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற பெட்டியில ஒரு அலை பட்டாலே ஆபத்து. பெட்டியைக் கழட்டி இடுப்பு பெல்ட்டுல மாட்டிக்கச் சொல்லும்மா. கையும் வலிக்காது, தண்ணியும் படாது.

மாலதி அக்கா, 9:02
வீச்சும் மெதுவா இருக்கணும். இடமிருந்து வலம் ஒரு வீச்சுக்கு 3, 4 விநாடி எடுத்துக்கட்டும். புது மெஷினைப் பிடிக்கிற வேகத்துல வீசிட்டு "பழசு ஒண்ணும் பிடிக்கல"ன்னு விக்கிறவங்கதான் ஜாஸ்தி. மெல்லிசான சங்கிலி, சின்னத் தோடு மட்டும் இதுல நிஜமாவே தவறும், அதுக்குப் புதுசுதான். ஆனா எந்த மெஷினாலயும் மோதிரத்தையும் கேன் மூடியோட வளையத்தையும் நிச்சயமாப் பிரிக்க முடியாது. திரையில ரெண்டும் ஒரே எண்ல வந்து விழும். தங்கம் வேணும்னா அந்த வளையத்தையும் தோண்டித்தான் ஆகணும்.

குமரன், 9:10
பெண்டிகோவுல தங்கம் தேடறதுன்னா அக்கா, ஈக்குவினாக்ஸோ சாவரினோ ரெண்டுமே அதுக்கான மெஷின் இல்ல. அங்க மண்ணுல இரும்புத் தாது அதிகம். அதுக்கு பி.ஐ. (பல்ஸ் இண்டக்‌ஷன்) வகை வேணும், துடிப்பை அனுப்பிட்டு நிறுத்தி, அது அடங்குறதைக் கேக்கிற வகை. 1995ல வந்த மைன்லேப் எஸ்டி 2000கூட ஆழத்துல கிடக்கிற பெரிய கட்டிக்கு இன்னும் உதவும். முதுகுல 6 வோல்ட் ஈய பேட்டரி சுமக்கணும், ஆணியையும் சேர்த்துத் தோண்டணும், மின்கம்பிக்குக் கீழே இரையும். அரை கிராமுக்கும் கீழே இருக்கிற பொடித் தங்கத்துக்கு 2021ல வந்த அதே கம்பெனியோட ஜிபிஎக்ஸ் 6000 பக்கத்துல அது நிக்காது. ஒரு நல்ல விஷயம், எஸ்டில இருந்து ஜிபிஎக்ஸ் 5000 வரைக்கும் காயில் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். 6000க்கு மட்டும் தனி.

குமரன், 9:12
எந்த மெஷினா இருந்தாலும் விக்டோரியாவுல தங்கம் தேட மைனர்ஸ் ரைட்ங்கிற அனுமதிச் சீட்டு எடுத்துடுங்க, 10 வருஷத்துக்குச் செல்லும். தேசியப் பூங்காவுக்குள்ள எங்க அனுமதி உண்டுன்னு முதல்லயே பார்த்துக்கணும். குழியை மூடாம வரக்கூடாது. பீச்சுக்கு அந்தந்த கவுன்சில்ல கேட்டுக்கோங்க.

வித்யா, 9:20
சரி, சாவரினைப் போய்ப் பார்க்கிறேன். என்னென்ன சோதிக்கணும் அண்ணா?

செல்வம் அண்ணா, 9:34
முதல்ல பேட்டரி ஹோல்டரைத் திற. வெள்ளை, பச்சைப் பொருக்கு இருந்தா செல் ஒழுகியிருக்கு. வெளியில தெரியறதைத் துடைச்சிடலாம். ஒயருக்குள்ள ஏறி செம்பு கறுத்திருந்தா அந்த ஒயரையே மாத்தணும்.

அப்புறம் காயில். இது வீட்டுக்குள்ள சரிப்படாது, கரண்ட் ஒயர் இரைச்சல் தரும். வெளியில போய் ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போட்டுத் தள்ளி வைச்சிடு. சென்சிட்டிவிட்டியைப் பாதியில வைச்சு, காயிலை அசையாம நாற்காலி மேல வைச்சிட்டு, கேபிளை ரெண்டு முனையிலயும் வளைச்சுப் பாரு. கரகரன்னா உள்ளே ஒயர் பிஞ்சிருக்கு. உள்ளங்கையால காயிலை லேசாத் தட்டு. தட்டும்போதெல்லாம் ஓசை வந்தா உள்ளே சுருள் தளர்ந்திருக்கு. பிசின் ஊத்தி இறுக்கினது, பிரிக்க முடியாது. தட்டுறதுக்கு முன்னாடி காயில் கவரைக் கழட்டி மணலைக் கொட்டிடு, அதுவும் இதே ஓசையைத் தரும்.

நாபைத் திருப்பும்போது மட்டும் கரகரன்னா பயப்படாத. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு 30 தடவை திருப்பினா போயிடும். கண்ட எண்ணெய் ஸ்ப்ரேயை அடிச்சிடாதீங்க. கடைசியா 20 நிமிஷம் ஓடவிட்டு பின்னணி ஓசையைக் கேளு. அதுவா ஏறி இறங்கினா கெப்பாசிட்டர் காய்ஞ்சிருக்கலாம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் இல்ல அதுக்கு மேல, 105 டிகிரி வகையா வாங்கி மாத்தணும்.

தினேஷ், 9:41
அம்மா, அவர் ரெண்டாவதா ஒண்ணும் விக்கிறார். டெசோரோ கம்பெனி மெஷின், 150 டாலர்னு போட்டிருக்கு.

செல்வம் அண்ணா, 9:48
ஆணிக்கு நடுவுல நாணயம் பிடிக்க டெசோரோ இன்னைக்கும் அருமை தம்பி. ஆனா கம்பெனி 2018லயே மூடியாச்சு. ஓரிகன்ல இருந்த வைட்ஸ்ங்கிற டிடெக்டர் கம்பெனியும் 2020ல மூடிடுச்சு. காயில் போனா பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான் தேடணும். ஒரு காயில் அதுக்குன்னு உள்ள ஃப்ரீக்வென்சிக்கு ஒத்திசைச்சது, வேற கம்பெனி மெஷினோடது ஒட்டாது. தவிர பீச்சுக்கு அது ஒத்தை ஃப்ரீக்வென்சி.

வித்யா, மாலை 5:26
[படம்] சாவரின் பேட்டரி ஹோல்டர். கேபிள், தட்டல், ஓசை எல்லாம் சரியா இருக்கு. ஒரு ஸ்பிரிங்ல மட்டும் பச்சை.

செல்வம் அண்ணா, 5:31
அந்த ஸ்பிரிங் பக்கத்து ஒயரை 1 சென்டிமீட்டர் உரிச்சுப் பாரு. செம்பு பளபளன்னா வினிகர் தொட்ட பஞ்சால பச்சையைத் துடைச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால ஈரத்தை எடுத்து, மறுநாள் வரைக்கும் காயவிடு. 350ன்னு கேட்டுப் பாரும்மா.

வித்யா, 5:44
பளபளன்னு இருக்கு அண்ணா. 360க்கு ஒத்துக்கிட்டார், எடுத்தாச்சு.

மாலதி அக்கா, 5:46
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மணல் அரிப்பு ஒண்ணும் வாங்கிடு, ஓட்டை 10 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். கிளிஞ்சலும் சிப்பியும் கொஞ்சம் தங்கும், ஆனா சின்ன மோதிரம் தப்பாது.