ஊர்ப் பெயருக்குள் மீன்: இன்னும் இரண்டு வேண்டும்

மக்களே, எங்கள் நூலகப் பொங்கல் மலருக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறேன். குமரி மாவட்ட ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் மீன்கள்தான் கரு. தோவாளையில் வாளை, பேச்சிப்பாறையில் பாறை, ஆரல்வாய்மொழியில் ஆரல் சிக்கிவிட்டன. தோவாளைக்குக் குறிப்பு: 'பூச்சந்தையில் துள்ளும் மீன் (3)'. ரொம்ப எளிதோ?

சிக்கல் கட்டத்தில்தான். புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் பேச்சிப்பாறைக்கு 6, ஆரல்வாய்மொழிக்கு 7. கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழியை நடுவரிசையில் வைத்துவிடலாம். தோவாளைக்கு எதிரே 3 எழுத்திலும் பேச்சிப்பாறைக்கு எதிரே 6 எழுத்திலும் ஊர் தேவை. சாளை, சூரை, அயிலை எது ஒளிந்திருந்தாலும் சரி. குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்களே, கடற்கரையில் ஒன்றுகூட மாட்டாதது அநியாயம்! சின்னக் குக்கிராமம் என்றாலும் பரவாயில்லை. விடையை இன்பாக்ஸில் அனுப்புங்கள். மலர் வாசிக்கப்போகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.